பன்றிக் கொட்டகை மினசோட்டாவில் இருக்கிறது

டோர்ஸ்டட் பண்ணை,
எல்க் ரன், அயோவா.
அக்டோபர் கடைசி.

அன்புள்ள தங்கை ஆர்லிஸுக்கு,

உன் அண்ணன் ஆர்வில் எழுதிக்கொண்டது. இங்கே நான், பன்றிகள், என் இடுப்பு வலி எல்லாரும் சௌக்கியம். அரிசோனா வெயிலில் நீயும் உன் முழங்காலும் அப்படியே இருக்க வேண்டும். நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்து சேர்ந்தது. பாதி அழுகியிருந்தது, மீதிப் பாதிக்கு நன்றி. சோளம் அறுத்தாயிற்று. தேவாலயத்துக்குப் புதுப் பாதிரியார் வந்திருக்கிறார், பிரசங்கம் நீளம், காபி தண்ணீர். மரியாதைக்கு எழுத வேண்டியது முடிந்தது, இனி விஷயம். உன் பிள்ளையைத் திருப்பி அழைத்துக்கொள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கெண்டல் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. செலவுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை உனக்குத் தெரியும். வளைந்த ஆணியைத் தட்டி நிமிர்த்தி மறுபடி அடிக்கிறவன் நான். நீதிமன்றத்துக்கு எதற்கு இரண்டு காபி இயந்திரம் என்று மாவட்டக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன், அந்த ஒரு கேள்விக்காகவே இன்றுவரை அங்கே எனக்குக் காபி கிடையாது. அப்படிப்பட்டவன் வீட்டில், மூன்று மாநிலத்துக்கும் சேர்த்துச் செலவு வைக்கிற ஒரு ஆள் உட்கார்ந்து என் பன்றிக்கறியைச் சாப்பிட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு போடுங்கள் மாமா என்கிறான். எனக்கு எப்படி இறங்கும் சொல்.

அவன் என்ன கொலையா செய்தான்? இருபத்தாறு வயதுப் பையன், வேலை போன துக்கத்தில் பீர் குடித்துவிட்டு, உன் முதியோர் குடியிருப்பில் நின்ற கோல்ஃப் வண்டியைக் கேட்காமல் எடுத்து நீச்சல் குளத்துக்குள் விட்டான். குளத்தில் அப்போது யாரும் இல்லாதது நம் அம்மா செய்த புண்ணியம். வண்டியைத் தூக்கிக் காயவைத்ததும் அது மறுபடி ஓடியது என்று நீயே சொன்னாய். நீதிபதி சிறைக்குப் பதில் இரண்டு வருடக் கண்காணிப்பு என்றார். நீ தொலைபேசியில் அழுதாய், "இங்க இவன் சேர்க்கை சரியில்லண்ணா, உன்கிட்ட வந்தா திருந்திடுவான்" என்றாய். நானும் கொட்டகைக்கு ஒரு ஆள் ஆயிற்று என்று சரி சொன்னேன். பஸ்ஸில் ஏறி வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸுக்கு முன்னால் அரிசோனா அயோவாவைக் கேட்க வேண்டுமாம், அயோவா வந்து என் வீட்டைப் பார்க்க வேண்டுமாம், பார்த்துச் சரி என்றால்தான் பையன் கிளம்பலாமாம். இதற்காகவே எல்லா மாநிலங்களும் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன, வருடா வருடம் சந்தா வேறு கட்டுகின்றன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

வீட்டைப் பார்க்க வந்தது ரெனே கோபெக்கி என்கிற கண்காணிப்பு அதிகாரி. நல்ல பெண், நம் பக்கத்து ஊர்க்காரிதான், வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்தாள். ஆனால் வந்ததும் நேரே குளிர்பெட்டியைத் திறந்தாள். பீர் இருக்கக் கூடாது என்றாள். அப்பாவின் துப்பாக்கி சுவரில் தொங்கியது, அதுவும் கூடாது என்றாள். குளத்தில் வண்டி விட்டவன் அரிசோனாவில், பீரும் துப்பாக்கியும் பறிகொடுத்தவன் அயோவாவில். இரண்டையும் பக்கத்துப் பண்ணை லாயிட் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். துப்பாக்கி மட்டும் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

அதோடு அவளை அனுப்பியிருக்கலாம். சும்மா போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் நான்தான். நம் வீட்டுக்கு வருகிற எல்லாரையும் எல்லைக்கல்லுக்கு அழைத்துப் போய், ஒரு கால் அயோவாவிலும் ஒரு கால் மினசோட்டாவிலுமாக நிற்கவைத்துப் படம் எடுப்போமே, அப்பா காலத்திலிருந்து அதில் நமக்கு எவ்வளவு பெருமை! ரெனேயையும் அப்படி நிற்கவைத்தேன். சிரித்துக்கொண்டே நின்றாள். அவள் தொலைபேசியிலேயே படம் எடுத்துக் கொடுத்தேன். பின்னால் துணி காயப்போடும் கொடி, அதில் என் கம்பளி உள்ளாடை, எல்லாம் அழகாக விழுந்திருந்தது. படத்தைப் பார்த்துக்கொண்டே அவள் கல்லுக்கு அந்தப் பக்கம் கை காட்டினாள்.

"அந்தக் கொட்டகையில என்ன சார்?"

"பன்னிங்கம்மா."

"யாரு பாத்துக்கிறாங்க?"

"இனிமே கெண்டல்தான். அதுக்குத்தானே வரவழைக்கிறேன்."

"அது கல்லுக்கு அந்தாண்டை இருக்கே. அப்ப அது மினசோட்டா இல்ல?"

"ஆமாம்மா. அந்தப் பக்கம் வரி கம்மின்னு எங்க தாத்தா அங்க கட்டினாரு. பெரிய மூளைக்காரரு."

அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அயோவாவின் கண்காணிப்பில் இருக்கிறவன் அனுமதி இல்லாமல் அயோவாவைத் தாண்டக் கூடாதாம். "ஒண்ணும் பயப்படாதீங்க சார். அரிசோனாவுக்கு எழுதுவோம், அவங்க ஒத்துக்கிட்டா மினசோட்டாவைக் கேப்போம், மூணு பேரும் சரின்னா கொட்டகையையும் சேத்துக்கலாம்" என்றாள். அதற்கு யார் செலவு என்று கேட்டேன். அரசாங்கம் என்றாள். அரசாங்கம் என்றால் யார் என்று கேட்டேன். சற்று யோசித்து, "நாமதான் சார்" என்றாள். "அப்ப வேணாம். என் பன்னிங்களுக்காக மூணு மாநிலம் உக்காந்து எழுத வேணாம். தீனியை நானே போட்டுக்கிறேன், அவன் வீட்டு வேலையைப் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். வரி கட்டுகிறவர்களுக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த சந்தோஷத்தில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

பிறகு கெண்டல் வந்தான். கணுக்காலில் ஒரு கறுப்புக் காப்பு. அவன் எங்கே இருக்கிறான் என்று அது அரிசோனாவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நாங்களும் ஒழுங்காகத்தான் நடந்தோம். தீனி வாளியை அவன் எல்லைக்கல் வரை தூக்கி வருவான், அங்கே நான் வாங்கிக்கொண்டு மினசோட்டாவுக்குள் போவேன். காலி வாளியைக் கல்லருகே கொண்டுவந்து கொடுத்தால் அவன் வாங்கிக்கொள்வான். இரண்டு தேசங்கள் வியாபாரம் செய்வதுபோல் இருந்தது. லாயிட் தன் வேலிமேல் சாய்ந்துகொண்டு, "ஆர்வில், பாஸ்போர்ட்டைக் காட்டுடா" என்று கத்துவான். ஒருநாள் கொட்டகை வாசல் சேற்றில் எனக்கு இடுப்பு பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பையன் பார்த்தான். ஒரே ஓட்டம், கல்லைத் தாண்டி வந்து என்னைத் தூக்கினான். காப்பு கத்த ஆரம்பித்தது. பன்றிகளும் கத்த ஆரம்பித்தன. என் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. அரிசோனாவில் இந்தக் காப்புகளைக் கவனிக்கிற மேசையிலிருந்து ரூபன் என்று ஒருவர்.

"ஐயா, உங்க வீட்டுக் கெண்டல் மாநிலத்தை விட்டு வெளியே போயிட்டாரு."

"எங்கயும் போகல தம்பி. என்னைத் தூக்கிட்டு நிக்கிறான்."

"எங்க நிக்கிறாரு?"

"சேத்துல."

"எந்த மாநிலத்துச் சேறுங்கய்யா?"

என்னத்தைச் சொல்வது? அன்றைக்கு ஒரு எச்சரிக்கையோடு விட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு என் இடுப்பு வாளியைத் தூக்க மறுத்துவிட்டது. பன்றிகள் பசியோடு கத்தினால் உன் பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பானா? இல்லை. எனக்குத் தெரியாமல் ஓடிப்போய்த் தீனியைக் கொட்டிவிட்டு ஓடிவருவான், காப்பு காட்டிக்கொடுக்கும், ரூபன் அழைப்பார். நல்ல மனிதர். ஒருநாள், "பன்னிங்க சாப்பிட்டாச்சாங்கய்யா?" என்று விசாரித்துவிட்டுத்தான் எச்சரிக்கையையே சொன்னார்.

ரெனே வந்து சமையலறையில் உட்கார்ந்து விளக்கினாள். இப்படியே போனால் அரிசோனா அவனைத் திரும்ப அழைத்துக்கொள்ளும், அங்கே போனால் நீதிபதி சிறைக்கு அனுப்பினாலும் அனுப்புவார். எப்படி அழைத்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். இரண்டு அதிகாரிகள் விமானத்தில் வருவார்கள், வாடகைக் கார் எடுப்பார்கள், ஓட்டலில் தங்குவார்கள், பையனை நடுவில் உட்காரவைத்து மூன்று பேராக விமானத்தில் திரும்புவார்கள். எல்லாம் அரிசோனாவின் செலவு. அந்தப் பணத்துக்கு இரண்டு கோல்ஃப் வண்டி புதிதாக வாங்கலாம், குளத்தில் விட்டு வேடிக்கையும் பார்க்கலாம். "கொட்டகைக்கு அனுமதி கேட்டுடலாமே சார்" என்று மறுபடி சொன்னாள். மூன்று மாநிலத்துக்கு வேலை வைக்க மாட்டேன் என்று நானும் மறுபடி சொன்னேன். அவள் கெண்டலைப் பார்த்தாள், கெண்டல் கூரையைப் பார்த்தான்.

போன வாரம் பெர்னிஸ் குட்டி போட்டது. பெர்னிஸ் எங்கள் மூத்த பெட்டைப் பன்றி, போன தடவை குட்டிகள் மேலேயே படுத்து நசுக்கியது, பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும். நான் குனிந்தால் நிமிர முடியாது. கெண்டல் என்னைப் பார்த்தான், காப்பைப் பார்த்தான், "பத்தாததுக்கு இது ஒண்ணு, கத்தட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். மதியம் போனவன் பொழுது சாய்ந்தும் வரவில்லை. ஒவ்வொரு குட்டியாகத் துடைத்துத் தன் சட்டைக்குள் வைத்துச் சூடுபடுத்தினான். காப்பு கத்தியபடியே இருந்தது. ரூபன் அழைத்தார். "ஐயா, இந்தத் தடவை என்னால மறைக்க முடியாதுங்க. மேல எழுதித்தான் ஆகணும்" என்றார். பிறகு மெதுவாக, "எத்தனை குட்டி?" என்றார். பதினொன்று, எல்லாம் உயிரோடு என்றேன். அவரும் எழுதத்தான் எழுதினார். திரும்ப அழைக்கும் ஏற்பாடு ஆரம்பமாகிவிட்டது, விசாரிக்க நேரில் வருகிறேன் என்று ரெனே சொல்லியனுப்பியிருக்கிறாள். நாளைக்கு வருகிறாள்.

நான் சும்மா இருப்பேனா? லாயிட்தான் வழி சொன்னான். "கொட்டகையைத் தூக்கி இந்தப் பக்கம் வை, இல்லன்னா கோட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வை" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கொட்டகை பெரியது, கல் சிறியது. இன்று காலை டிராக்டரில் சங்கிலி கட்டிக் கல்லைப் பிடுங்கி, கொட்டகைக்கு அந்தப் பக்கம் குழி தோண்டி நட்டுவிட்டேன். ஒரு காசு செலவில்லை, டீசல் மட்டும். கெண்டல் உதவிக்கு வரவில்லை. அயோவாவில் நின்றபடி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கத்தினான்.

"வேணாம் மாமா! கோல்ஃப் வண்டியில நானும் இப்படித்தான் ஆரம்பிச்சேன்!"

"நீ குடிச்சிருந்தே. நான் காபிதான் குடிச்சிருக்கேன்."

"கல்லை நகத்தினா கோடு நகராது மாமா. இந்தக் காப்பு வானத்தைப் பாத்துப் பேசுது, கல்லைப் பாத்து இல்ல."

"வானத்துலேருந்து பாத்தா மட்டும் கல்லு தெரியாதா?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். ஆகவே நாளைக்கு ரெனே வந்து பார்க்கும்போது கொட்டகை அயோவாவில் இருக்கும், விமானம், ஓட்டல், வாடகைக் கார் எல்லாம் மிச்சம். அதற்காக இவனை இங்கேயே வைத்துக்கொள்ள எனக்கு ஆசை என்று நினைத்துவிடாதே. இரண்டு அதிகாரிகள் வந்து பிடித்துப் போனால் அரசாங்கச் செலவு, நீயே கேட்டு வாங்கிக்கொண்டால் ஒரு பஸ் டிக்கெட். அவ்வளவுதான் என் எண்ணம். அவன் வைக்கிற மிளகாய்க் குழம்பு காரமாக இருக்கிறது. குட்டிகளுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டான், இனி அவற்றை எப்படி விற்பது என்று தெரியவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு சீட்டாடினால் தினமும் என்னை ஜெயிக்க விடுகிறான், அது எனக்குத் தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறான். இப்படிப்பட்டவனை எத்தனை நாள்தான் சகிப்பது?

கர்த்தர் உன்னையும் உன் முழங்காலையும் காக்கட்டும். உன் வீட்டு எலுமிச்சை காய்க்கட்டும், அடுத்த பெட்டியில் அடியில் கொஞ்சம் வைக்கோல் போடு. லாயிட் உன்னை விசாரித்தான். என்றைக்கும் உன் நலம் நாடும்,

அண்ணன் ஆர்வில்.

பின்குறிப்பு: இந்தக் கடிதம் உறையில் போட்டு ஒட்டியபடி மூன்று மாதமாக மேசைமேலேயே கிடக்கிறது. இப்போது உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. ஆரஞ்சு அழுகியது மட்டும் நிற்கட்டும்.

ரெனே மறுநாள் வந்தாள். கல்லைப் பெருமையாகக் காட்டினேன். அவள் தொலைபேசியை எடுத்து, அன்று நான் எடுத்துக் கொடுத்த படத்தைக் காட்டினாள். "சார், இதுல கல்லுக்குப் பின்னாடி உங்க உள்ளாடை இருக்கு. இப்ப கல்லுக்குப் பின்னாடி லாயிட் சாரோட மாடு இருக்கு" என்றாள். நான் மாட்டைக் குறை சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. எல்லைக்கல் இரண்டு மாநிலத்துக்கும் சொந்தமாம், அதைத் தொடுவதே குற்றமாம். நில அளவைக்காரர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து, பழைய குழியிலேயே கல்லை நட்டார்கள். கெண்டல் அவர்கள் எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தான். மினசோட்டா மண்ணில் குழி தோண்டியதால் வழக்கு மினசோட்டாவில். நீதிபதி என் வயதைப் பார்த்து ஒரு வருடக் கண்காணிப்போடு விட்டார். ஆனால் நான் குடியிருப்பது அயோவாவில். ஆகவே மினசோட்டா அயோவாவைக் கேட்டது, அயோவா ரெனேயை அனுப்பியது, அவள் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து என் குளிர்பெட்டியை மறுபடி திறந்து பார்த்தாள். அந்த ஒப்பந்தத்தில் நானும் சேர்ந்துவிட்டேன், ஆர்லிஸ். இனி என் பன்றிகளைப் பார்க்க எனக்கே அனுமதி வேண்டும். அதுவரை பெர்னிஸுக்கும் மற்றவற்றுக்கும் லாயிட் தீனி போட்டான், மிச்சமிருந்த என் பீரைக் குடித்துக்கொண்டே.

கெண்டல் விஷயத்தில் மட்டும் நல்லது நடந்தது. கல்லை நகர்த்தும்போது அவன் தடுத்ததை நானே வாக்குமூலத்தில் சொல்லியிருந்தேன், ரெனே அதையும் பெர்னிஸ் கதையையும் அரிசோனாவுக்கு எழுதினாள். திரும்ப அழைக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள். அப்பாடா என்று நான் உட்காருவதற்குள் ரெனே தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னாள். கண்காணிப்பில் இருக்கிற ஒருவர் இன்னொரு குற்றவாளியோடு பழகக் கூடாதாம். ஒரே வீட்டில் இருக்கவே கூடாதாம். கெட்ட சேர்க்கை!

"அந்தக் கெட்ட சேர்க்கை யாரும்மா?" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும்தான் சார், ஒருத்தருக்கொருத்தர்."

கெண்டல் மாடிக்குப் போனான். பெட்டி இழுக்கிற சத்தம் கேட்டது. இறங்கி வந்து, "இது உங்க வீடு மாமா. நான் போயிடறேன், பெர்னிஸை மட்டும் பாத்துக்கங்க" என்றான். ஆர்லிஸ், அந்தப் பையன் இல்லாமல் அந்த மேசையில் ஒரு நாள்கூட என்னால் உட்கார முடியாது. அதை அவனிடம் சொல்லத் தெரியாமல், உருளைக்கிழங்கு அடுப்பில் இருக்கிறது, பெட்டியைக் கீழே வை என்று கத்தினேன்.

"மூணு மாநிலத்துக்கும் எழுதித் தனி அனுமதி கேக்கலாம் சார், கொட்டகைக்கும் சேத்தே" என்றாள் ரெனே. "நிறைய அலைச்சல், நிறையச் செலவு. உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும். கேக்கட்டுமா?"

"கேளும்மா" என்றேன். "இப்பவே கேளு."

அதுவரை நான் லாயிட் வீட்டில் இருந்தேன், நல்லவேளை அதுவும் அயோவாதான். அவன் என் துப்பாக்கியை வேறு எங்கோ கொண்டுபோய் வைத்துவிட்டு என்னைச் சேர்த்துக்கொண்டான். கெண்டல் தினமும் ஒரு தட்டில் சாப்பாட்டை மூடி வேலிமேல் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பான், நான் எடுத்துக்கொள்வேன். நேற்று உத்தரவு வந்தது. அரிசோனா, அயோவா, மினசோட்டா மூன்றும் சரி என்றுவிட்டன. முதலில் தொலைபேசியில் சொன்னது ரூபன்தான், குட்டிகளையும் விசாரித்தார். நேற்று இரவு மாமனும் மருமகனும் ஒரே மேசையில் உட்கார்ந்து மிளகாய்க் குழம்பு சாப்பிட்டோம், சீட்டாடினோம், நான் ஜெயித்தேன். அந்த உத்தரவுக்கு எவ்வளவு செலவாயிற்று என்று ரெனேயிடம் நான் கேட்கவில்லை.